மாடு இடம் மாறிப்போச்சு: அச்சோவியத்தில் விலங்கு குறியீடா, ஞாபகமா?

நுகத்தடி | சனி, இரவு 10.40

வணக்கம். ஒரு வாரமாக மனதில் உறுத்துவதை இங்கே கொட்டுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூரில் இருக்கிறேன். வார நாளில் கம்ப்யூட்டரில் டிசைன் வேலை, சனி ஞாயிறில் லினோகட், அதாவது லினோ ஷீட்டில் உளியால் செதுக்கி, மை தடவி, பேப்பரில் அச்செடுப்பது. சொந்த ஊர் தலைஞாயிறு பக்கம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் இங்கே என்னோடு வந்துவிட்டார்கள்.

போன மாதம் நாலைந்து பேர் சேர்ந்து போட்ட கண்காட்சியில் என் படம் ஒன்று இருந்தது. ஏர் பூட்டிய இரண்டு மாடுகள். ஏர் பிடிப்பவர் கண்ணுக்குத் தெரிவது போல, பின்னாலிருந்து. 12க்கு 18 அங்குலம், கறுப்பு மை மட்டும், 15 பிரதி. எங்கள் வீட்டு ஜோடிதான். ஒன்றுக்கு வால் பாதி, குஞ்சமே கிடையாது. இன்னொன்றுக்குப் பின்னங்கால் இரண்டும் வெள்ளை.

கண்காட்சியில் ஒருவர் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்து, “கொம்பில்லாத காளைகள். அடக்கப்பட்ட மண்ணின் குறியீடு, சரிதானே?” என்றார். நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றுவரை புரியவில்லை. எங்கள் பக்கத்து உழவு மாட்டுக்குக் கொம்பே இருக்காது. உம்பளச்சேரி மாடு. காளைக்கன்றுக்குக் கொம்பு முளைவிடும்போதே தீய்த்துவிடுவார்கள். மொட்டை மாடு என்றுதான் பெயரே. அதில் அடக்குமுறையும் இல்லை, குறியீடும் இல்லை. சேற்றில் பக்கத்து மாட்டைக் குத்தாமல் இருக்கத்தான்.

விற்காத பிரதி ஒன்றை வீட்டில் ஒட்டினேன். அப்பா இரண்டு நிமிடம் பார்த்தார். “வலத்து மாட்ட இடத்துல பூட்டிருக்கியேம்மா. இது ஒரு எட்டு உழாது.”

அச்சில் எல்லாம் திரும்பி விழும் என்று தெரியும். கையெழுத்தைக்கூட இடவலம் மாற்றித்தான் செதுக்கினேன். மாடு திரும்பும் என்று மட்டும் மண்டைக்கு எட்டவில்லை.

அந்த ஆளுக்கு இது குறியீடு. அப்பாவுக்கு இது தப்பாகப் பூட்டிய ஏர். நான் யாருக்காகச் செதுக்குகிறேன்? திரும்பவும் செதுக்கணுமா?

---

கூர்உளி | சனி, இரவு 11.05

டிரேசிங் பேப்பரில் வரைந்து, பேப்பரைத் திருப்பி லினோவில் ஒட்டியிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. முதல் வருஷப் பாடம் அக்கா :)

---

நுகத்தடி | சனி, இரவு 11.12

தெரியும் தம்பி. நேராக லினோமேலேயே வரைந்துவிட்டேன். ஞாபகத்திலிருந்து வரும்போது பேப்பரில் ஒரு தடவை, லினோவில் ஒரு தடவை என்று இரண்டு முறை வராது.

---

மைக்கறை | ஞாயிறு, காலை 7.20

நான் எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் கிராஃபிக்ஸ் படித்தவன். அந்தக் கால ஆள். எங்கள் வாத்தியார் மேஜையில் எப்போதும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும். பிளேட்டைக் கண்ணாடியில் காட்டாமல் ஆசிட்டில் விடக் கூடாது. சவரக் கடைக் கண்ணாடி, ஓரம் உடைந்தது. கிண்டல் பண்ணுவோம். உங்கள் அப்பா சொன்னதைப் படித்தபோது அந்தக் கண்ணாடிதான் ஞாபகம் வந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இதை யோசிக்க நல்ல ஆள் ஓவியர் லக்ஷ்மா கௌட். 1940ல் தெலங்கானாவில் மேடக் பக்கம் நிஜாம்பூர் என்ற ஊரில் பிறந்தவர். ஹைதராபாத்தில் படித்துவிட்டு பரோடா போனார், அங்கே கே.ஜி. சுப்ரமணியன் வாத்தியார். ஊர் திரும்பியதும் போட்ட எட்சிங்குகள்தான், அதாவது தகட்டை ஆசிட்டில் அரித்து எடுக்கும் அச்சுகள்தான், அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. கறுப்பு வெள்ளை. எங்கே பார்த்தாலும் ஆடு. மனிதர் பக்கத்தில் ஆடு, கட்டிலடியில் ஆடு, பெண்ணின் தோளை உரசிக்கொண்டு ஆடு.

விமர்சகர்கள் அந்த ஆட்டைக் காமத்தின் குறியீடு என்று எழுதினார்கள். தப்பில்லை. அந்தப் படங்களில் காமம் ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. ஆனால் ஆட்டின் முழங்கால் மடிப்பைப் பாருங்கள். தாடிக்குக் கீழே மயிர் பிரியும் இடத்தைப் பாருங்கள். ஆட்டோடு வளர்ந்தவன் கைதான் அதைப் போட முடியும். குறியீட்டுக்கு இவ்வளவு மயிர் தேவையில்லை.

இன்னொன்று. எட்சிங்கில் துத்தநாகத் தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, ஆசிட்டில் விடுகிறோம். ஊசிக்கு மயிர் பிடிக்கும். அதனால் ஊசிக்குப் பிடித்த விலங்கு ஆடு. லினோ உளிக்குப் பிடித்தது எருமை: பெரிய கறுப்பு, நடுவில் இரண்டு வெள்ளைக் கீற்று, வேலை முடிந்தது. எந்த விலங்கு ஓவியனைத் தேடி வருகிறது என்பதில் கருவிக்கும் பங்கு உண்டு. நாற்பது வருஷம் மை தொட்டதில் எனக்குப் புரிந்தது இது.

---

சார்மினார்_டு_சென்ட்ரல் | ஞாயிறு, காலை 9.02

மைக்கறை சார், ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நான் ஹைதராபாத்தில் வளர்ந்தவன். அவர் படங்களை வெறும் கிராமத்து நினைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பரோடாவுக்குப் போய் வந்த கண்ணால் ஊரைப் பார்க்கிறார். ஊரில் ஆணும் பெண்ணும் பேசும் பேச்சுக்கும் நகரத்து நடுத்தர வர்க்கத்தின் கூச்சத்துக்கும் உள்ள தூரம் அப்போதுதான் அவருக்கு உறைக்கிறது. ஊரிலேயே இருந்திருந்தால் ஆடு வெறும் ஆடாகத்தான் இருந்திருக்கும், படத்துக்குள் வந்திருக்காது. நுகத்தடி அவர்களும் பெரம்பூர் வந்த பிறகுதானே மாட்டைச் செதுக்குகிறார்?

---

எருமைத்தெரு | ஞாயிறு, காலை 11.30

எப்போது பார்த்தாலும் “ஊர் நினைவு” என்றால் வயல், வரப்பு, மாடு. சென்னையில் பிறந்தவனுக்கு ஊர் கிடையாதா?

நான் புளியந்தோப்பு. என் ஞாபகத்தில் தெருவை அடைத்துக்கொண்டு எருமை படுத்திருக்கும். பால்காரர் வீட்டு வாசலிலேயே கறந்து கொடுப்பார், பாட்டி சொம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்ப்பாள். ராத்திரி சாக்கடைக்குள் பெருச்சாளி. மெரினாவில் விலா தெரியும் சவாரிக் குதிரை. இதெல்லாம் யாருடைய திணை?

என் கதையையும் கேளுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கடற்கரைக்கு வரும். 1988லிருந்து மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக நடந்து முட்டைகளைப் பாதுகாக்கிறார்கள், நானும் இரண்டு சீசன் போனேன். இழுவலையில் சிக்கி மூச்சு முட்டிச் செத்த ஆமைகள் கரை ஒதுங்கும். அப்படி ஒன்றை லினோவில் செதுக்கினேன். கண் வீங்கி, கழுத்து தொங்கி. ஒரு அம்மா ஆசையாக வாங்கினார்கள். “கூர்மாவதாரம் பூஜை அறைக்கு நல்லா இருக்கும்” என்றார்கள். நானும் உங்களை மாதிரிதான், தலையாட்டினேன். காசு வாங்கியாச்சே.

---

கூர்உளி | ஞாயிறு, பகல் 11.41

செத்த ஆமைக்கு தினமும் கற்பூரம் காட்டுகிறார்கள் என்று நினைத்தாலே ஒரு மாதிரி இருக்கிறது அண்ணா.

---

திணைப்பித்தன் | ஞாயிறு, மாலை 4.15

எல்லோரும் குறியீட்டைத் திட்டுகிறீர்கள். நான் அந்தப் பக்கம் பேசுகிறேன்.

நம் மரபில் நிலமும் விலங்கும் சேர்த்தே பேசப்பட்டவை. கருப்பொருள் பட்டியலைப் பாருங்கள். குறிஞ்சிக்குப் புலி, யானை, கரடி. முல்லைக்கு மான், முயல். மருதத்துக்கு எருமை, நீர்நாய். நெய்தலுக்குச் சுறா. பாலைக்கு வலிமை இழந்த யானையும் செந்நாயும். விலங்கின் பெயரைச் சொன்னாலே எந்த மண், எந்த மனநிலை என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். இது குறியீடு இல்லாமல் வேறென்ன?

ஆனால் அந்தக் குறியீடு வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. விலங்கு சரியாக நடந்துகொள்ள வேண்டும். சங்கப் பாட்டில் நீர்நாய் வாளை மீனைப் பிடிக்கும். வேறு ஏதோ ஒரு மீனை அல்ல, வாளையை. உள்ளுறை, அதாவது விலங்கின் செயலுக்குள் காதலர் கதையை ஒளித்துச் சொல்வது, இந்தத் துல்லியத்தின்மேல்தான் நிற்கிறது. விலங்கின் செயலில் ஒரு பிசகு வந்தால் தலைவன் தலைவி கதையும் சேர்ந்து பிசகிவிடும். அப்பா கண்டுபிடித்தது அப்படிப்பட்ட பிசகைத்தான். குறியீட்டைக் கெடுப்பது ஞாபகம் இல்லை, கவனக்குறைவு.

---

மைக்கறை | ஞாயிறு, மாலை 6.00

திணைப்பித்தன் சொல்வது நல்ல வாதம். ஆனால் பார்க்காமல் போட்ட விலங்கும் பெரிய படமாகியிருக்கிறது. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் காண்டாமிருகம், 1515. அந்த மிருகம் நம் குஜராத்திலிருந்து போனது. சுல்தான் போர்த்துகீசியருக்குக் கொடுத்து, கோவா வழியாகக் கப்பலேறி, அந்த வருஷம் மே மாதம் லிஸ்பனில் இறங்கியது. டியூரர் நியூரம்பர்க்கில் இருந்தார். கண்ணால் பார்க்கவில்லை. யாரோ எழுதி அனுப்பிய வர்ணனையையும் ஒரு கோட்டுப் படத்தையும் வைத்து மரச்செதுக்கில் போட்டார். உடம்பில் கவசத் தகடு, முதுகில் கூடுதலாக ஒரு குட்டிக் கொம்பு. அந்த ஜீவன் அடுத்த வருஷம் போப்பாண்டவருக்குப் பரிசாகப் போகிற வழியில் கப்பலோடு மூழ்கிப்போனது. படம் மட்டும் நூற்றாண்டுக்கணக்கில் ஐரோப்பியப் புத்தகங்களில் “இதுதான் காண்டாமிருகம்” என்று ஓடியது.

மரக்கட்டையில் ஒரு தப்பைச் செதுக்கினால் அது ஆயிரம் தப்பாகப் பெருகும். கேன்வாசில் போட்ட தப்பு ஒரு வீட்டுச் சுவரோடு போய்விடும்.

---

ரப்பர்பிளாங்கெட் | ஞாயிறு, இரவு 9.48

நான் ஓவியன் இல்லை. சிவகாசிக்காரன், இப்போது ராயப்பேட்டையில் ஆஃப்செட் பிரஸ். தொழில் பக்கத்திலிருந்து ரெண்டு வார்த்தை.

இந்த இடம் வலம் பிரச்சினையை ஆஃப்செட் தீர்த்துவிட்டது. பிளேட்டிலிருந்து ரப்பர் பிளாங்கெட்டுக்கு ஒரு தடவை திரும்பும், அங்கிருந்து பேப்பருக்கு இன்னொரு தடவை. இரண்டு திருப்பம், கணக்கு நேர். கல்லில் வரைந்து நேராகப் பேப்பரில் அச்செடுத்த கல் லித்தோ காலத்தில் கல்மேல் எல்லாமே இடவலம் மாறித்தான் இருக்கணும்.

அப்புறம் கொம்பு விஷயம். காலண்டர் ஓவியர் கோவில்பட்டி கொண்டையராஜு காலத்திலிருந்து காலண்டர் படத்துக்கு ஒரு கண் பழகிப்போச்சு. மாடு என்றால் வெள்ளை, கொம்பு வளைந்து, கழுத்தில் மணி. மொட்டை மாட்டைக் காலண்டரில் போட்டால் ஏஜெண்டு பார்சலைப் பிரித்த வேகத்தில் திருப்பி அனுப்புவார். “பாதி அச்சாகாம வந்திருக்கு” என்பார்.

எங்கள் ஊர் விலங்குப் படம் இன்னொன்று, தீப்பெட்டி லேபிள். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததிலிருந்து எத்தனை புலி, எத்தனை குதிரை, எத்தனை மான். எழுத்துத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கணும், அவ்வளவுதான். இங்கே பேசுகிற குறியீடும் கிடையாது, ஞாபகமும் கிடையாது. மார்க். ஆனால் எனக்கு ஞாபகம் என்றால் அதுதான். நான் முதலில் பார்த்த சிறுத்தை பெட்டிமேல் சண்டை போட்டுக்கொண்டிருந்த சிறுத்தைதான். வண்டலூரில் நிஜத்தைப் பார்த்தபோது, நிறம் டல்லாக இருக்கே என்று தோன்றியது.

---

எருமைத்தெரு | ஞாயிறு, இரவு 10.10

கடைசி வரி அருமை சார்.

---

கல்லெழுத்து | திங்கள், காலை 8.35

பூனையை யாரும் தொடவில்லையே. மாமல்லபுரம் பெரிய பாறைச் சிற்பத்தில் யானைக்குக் கீழே ஒரு பூனை இரண்டு காலில் நின்று, கையைத் தூக்கித் தவம் செய்கிறது. காலடியில் எலிகள். போலிச் சாமியார் என்று நம் ஆட்கள் 1300 வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அதிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஓவியர் ஆர்.பி. பாஸ்கரன் வருஷக்கணக்கில் பூனை பூனையாகப் போட்டிருக்கிறார். அந்தப் பூனைகளுக்கு எந்த நீதிக்கதையும் இல்லை. உடம்பு, முறைப்பு, சோம்பல், அவ்வளவுதான். சொன்னால் சண்டைக்கு வருவீர்கள், ஆனாலும் சொல்கிறேன்: பாஸ்கரனின் பூனை எனக்குப் பல்லவப் பூனையைவிட உயிரோடு தெரிகிறது. பல்லவப் பூனைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள், பாவம்.

இன்னொரு கல்லையும் சொல்லணும். திருவண்ணாமலை பக்கம் எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று. வீரனோடு அவன் நாயும் கல்லில் நிற்கிறது. கள்ளரைக் கடித்து நின்றது என்று எழுத்தில் வெட்டி, நாயின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். நன்றியின் குறியீடு நாய் என்று யாரும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கோவிவன் என்று பெயர் வைத்த பிறகு அது அந்த ஒரே நாய்தான்.

நுகத்தடி, உங்கள் மாடுகளுக்குப் பெயர் உண்டா?

---

நுகத்தடி | திங்கள், இரவு 9.20

உண்டு. வலத்து மாடு கூழையன், வால் பாதி என்பதால். இடத்து மாடு மயிலை. மயிலையைப் பிற்பாடு விற்றுவிட்டோம். கூழையன் கொட்டகையிலேயே செத்தது, நான் அப்போது ஆறாவது படித்தேன்.

வலத்து மாட்டை இடத்தில் பூட்டினால் ஏன் உழாது என்று அப்பாவிடம் கேட்டேன். மாடு கன்றாகப் பழகும்போதே ஒரு பக்கத்துக்குப் பழகுமாம். திரும்பும்போது உள்ளே நிற்கிற மாடு காலடியிலேயே சுழலணும், வெளி மாடு எட்டிப் போடணும். பக்கம் மாற்றினால் இரண்டும் எதிரெதிராக இழுத்துக்கொண்டு நிற்கும். இதைச் சொல்லும்போது சோபாவில் உட்கார்ந்தபடியே இடது தோளைச் சாய்த்துக் காட்டினார். அந்தத் தோள் சாய்வை நான் செதுக்கவில்லை.

அப்புறம் ஒரு வேடிக்கை. பேசும்போது மேஜையில் லினோ பிளாக் கிடந்தது, மை துடைத்துவிட்டுக் காயப்போட்டிருந்தேன். எடுத்து விரலால் தடவினார். “இதுல சரியா இருக்கே! இத ஏன் மாட்டல?” என்றார். ஆமாம், பிளாக்கில் கூழையன் வலப்பக்கம்தான். பிளாக்கை எடுத்துக்கொண்டு போய் டிவி மேல் சாய்த்து வைத்துவிட்டார்.

---

மைக்கறை | திங்கள், இரவு 9.55

அம்மா, இது போதும். 15 பிரதியோடு நிறுத்திவிடுங்கள். எடிஷன், அதாவது போடுவதாகச் சொன்ன பிரதிகள், முடிந்தால் மேலும் அச்செடுக்க முடியாதபடி பிளேட்டைக் கீறிவிடுவது வழக்கம், அப்பா டிவி மேல் வைத்ததும் அதே கணக்குதான்.

சென்னையோடு தொடர்புள்ள இன்னொரு அச்சோவியரைச் சொல்லாமல் விட்டால் தப்பு. கிருஷ்ணா ரெட்டி. 1925ல் சித்தூர் பக்கம் நந்தனூரில் பிறந்தவர், சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்தவர். 1947லிருந்து இரண்டு வருஷம் நம் கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். பிறகு பாரிஸ் போய் அச்சோவியர் ஹேய்டரின் பட்டறையில் ஒரே தகட்டில் பல நிறம் போடும் முறையை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவரானார். சூட்சுமம் எண்ணெயில் இருக்கிறது. தகட்டில் வெவ்வேறு ஆழம். ஒரு மையில் எண்ணெய் அதிகம், இன்னொன்றில் குறைவு. கெட்டி ரோலர் மேட்டை மட்டும் தொடும், மெத்தென்ற ரோலர் பள்ளத்துக்குள் இறங்கும். மைகள் ஒன்றையொன்று தள்ளி நிற்கும், கலக்காது.

1950களில் மீன், பூச்சி என்று போட்டார். அந்த மீனில் எந்த ஊர் இருக்கிறது என்று கேட்டால் என்னால் காட்ட முடியாது. தண்ணீர் இருக்கிறது, தண்ணீரை மீன் தள்ளுகிற விசை இருக்கிறது. சித்தூர் ஏரியா, பாரிஸ் ஆறா, யாருக்குத் தெரியும். ஊர் தெரியாத விலங்கும் நல்ல விலங்காக இருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். எல்லோரும் ஊரைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை.

---

தோல்கருவி | செவ்வாய், இரவு 12.20

இரண்டு நாளாகப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். சொல்லிவிடுகிறேன்.

ஞாபகம், ஊர், வலத்து மாடு, இடத்து மாடு. எல்லாம் சரி. எங்கள் வீட்டில் மாடு கிடையாது, நிலமும் கிடையாது. ஆனால் மாடு எங்கள் தெருவுக்கு வரும். செத்த பிறகு வரும். தாத்தாவுக்கு ஆள் வரும், போய்த் தூக்கி வருவார். தோலை உரித்து, காயவைத்து, வேப்பங்கட்டைச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை வைத்து ஒட்டிப் பறை கட்டுவார். அந்தத் தோலில் மயிர் எந்தப் பக்கம் படுத்திருந்தது என்று தாத்தா விரல் சொல்லும். உங்கள் அப்பாவுக்கு மாட்டின் நடை தெரியும். என் தாத்தாவுக்கு மாட்டின் உள்பக்கம் தெரியும். வட்டார ஞாபகம் என்று பேசுகிறவர்கள் ஏன் எப்போதும் மாடு உயிரோடு இருக்கும்போதே பேச்சை நிறுத்திவிடுகிறீர்கள்?

நுகத்தடி, கூழையன் கொட்டகையில் செத்தது என்றீர்கள். யார் வந்து தூக்கினார்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள்.

---

திணைப்பித்தன் | செவ்வாய், காலை 7.05

தோழர், திணையில் பறையும் கருப்பொருள்தான். ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை சொல்லியிருக்கிறது.

---

தோல்கருவி | செவ்வாய், காலை 7.30

சொல்லியிருக்கிறது, தெரியும். யார் கட்டினார்கள் என்று கேட்டேன்.

---

சார்மினார்_டு_சென்ட்ரல் | செவ்வாய், காலை 8.10

இதற்குப் பதில் எழுதி இரண்டு முறை அழித்துவிட்டேன். ஒன்று மட்டும்: நான் முதல் பதிவில் “கிராமத்து நினைவு” என்று ஒரே பெட்டியில் போட்டது தப்பு.

---

நுகத்தடி | புதன், இரவு 11.00

கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. “வந்தாங்க, ரெண்டு பேரு” என்றார். பெயர் கேட்டேன். ஞாபகம் இல்லை என்றார். ஒருவர் இடது காலைச் சாய்த்து நடப்பார் என்பது ஞாபகம் இருக்கிறது. கூழையனை வாங்கிய சந்தை ஞாபகம் இருக்கிறது, விலை ஞாபகம் இருக்கிறது, சுழி ஞாபகம் இருக்கிறது. பெயர் இல்லை. ராத்திரி சாப்பிடும்போது அவரே மறுபடி, “பேரு வரமாட்டேங்குது” என்றார்.

தோல்கருவி, அடுத்த படமாகத் தோலைச் செதுக்கலாமா என்று யோசித்தேன்.

---

தோல்கருவி | புதன், இரவு 11.18

வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. நீங்கள் செதுக்கினால் அது மறுபடியும் அந்தக் கண்காட்சி ஆளுக்கு ஒரு குறியீடாகத்தான் போகும். தோலைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

---

நுகத்தடி | புதன், இரவு 11.21

இல்லை.

---

தோல்கருவி | சனி, மாலை 5.40

லினோ சென்னையில் எங்கே கிடைக்கும்? உளி, மை, ரோலர் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்? பிரஸ் வேண்டுமா?

---

கூர்உளி | சனி, மாலை 5.58

பிரஸ் தேவையே இல்லை அண்ணா. எட்சிங் பிரஸ் என்பது பார்க்கக் கரும்பு ஜூஸ் மெஷின் மாதிரி, எடையும் விலையும் தலை சுற்றும். லினோவுக்கு அடிப்பக்கம் வழவழப்பான தேக்கரண்டி போதும். பேப்பர் முதுகில் வட்டமாகத் தேய்க்கணும், நடுவிலிருந்து ஓரத்துக்கு. லினோ ஓவியப் பொருள் கடைகளில் கேளுங்கள், கிடைக்காவிட்டால் மெத்தென்ற ரப்பர் ஷீட்டும் ஓடும். வெயிலில் ஐந்து நிமிடம் வைத்தால் லினோ இளகும், உளி வெண்ணெய் மாதிரி போகும். இடது கையை எப்போதும் உளிக்குப் பின்னால் வையுங்கள். என் கட்டைவிரலில் மூன்று தையல்.

---

நுகத்தடி | சனி, மாலை 6.10

என்னிடம் ஒரு துண்டு சும்மா கிடக்கிறது, அதே 12க்கு 18. கொடுத்து அனுப்பட்டுமா?

---

தோல்கருவி | சனி, இரவு 8.45

நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

கூர்உளி தம்பி, ஒரு சந்தேகம். தாத்தா பறை அடிக்கிற மாதிரி போடப்போகிறேன். குட்டையான அடிக்குச்சி வலது கை, நீளமான சிம்புக்குச்சி இடது கை. அச்சில் இது மாறக் கூடாது, மாறினால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். டிரேசிங் பேப்பரில் பென்சில் பக்கம் மேலே இருக்கணுமா, கீழே இருக்கணுமா?

---

கூர்உளி | சனி, இரவு 8.52

கீழே அண்ணா. பென்சில் லினோவைத் தொடணும். மேலே கரண்டியால் தேய்த்தால் கோடு இறங்கிவிடும். 4பி பென்சில் வாங்குங்கள், கெட்டிப் பென்சில் இறங்காது.